ஜீப்பின் டை ராடு: பருமன் மட்டும் போதுமா?

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், நம் மக்கள் பிழைப்புக்குப் பற்பல வழிகளைத் தேடிக்கொண்டனர். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் வீடு திரும்புவோர் ஒரு சாரார். பட்டறை வைத்தவர்களும், டிராக்டரும் ஜீப்பும் ஓட்டுபவர்களும் மற்றொரு சாரார். எல்லைக்கு அப்பால் வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் உள்ள சொந்த ஊர்களில் சிறு நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டு, பண்டிகைக்கும் அறுவடைக்கும் குடும்பத்தோடு போய் வருபவர்களும் நம்மிடையே உண்டு. இவர்கள் அனைவருக்கும், தார்ச்சாலை முடிந்து கல்லும் பள்ளமுமாகிய வண்டிப்பாதை தொடங்குமிடத்தில் நம்பிக்கைக்குரிய துணையாக நிற்பது ஜீப்பு வகையைச் சேர்ந்த வண்டியே.

அவ்வண்டியைப் பற்றி இளைஞர்கள் ஆவலோடு கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "முன் அச்சில் உள்ள டை ராடு அடிக்கடி வளைகிறது, அதை எடுத்துவிட்டுப் பருமனான தண்டு போடலாமா?" என்பதே அது. கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றினும், இது உயிரோடு தொடர்புடையது. என்ஜின் நின்றுபோனால் வண்டி நிற்கும், அவ்வளவே. பிரேக் தளர்ந்தால் கியரைக் குறைத்தும் கைபிரேக்கை இழுத்தும் தப்ப வழியுண்டு. ஆனால் சக்கரத்தைத் திருப்பும் தண்டு கழன்றுவிட்டால், ஓட்டுபவன் கையில் இருப்பது வெறும் வளையம்; வண்டி தன் மனம்போன போக்கிலே போகும். ஆகையால் இக்கேள்விக்கு "போடலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரே சொல்லில் விடை கூறாமல், சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

தண்டின் வேலை யாது?

வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறு வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரு வட்டத்திலும் செல்கின்றன. எனவே இரண்டும் ஒரே அளவாகத் திரும்பலாகாது. உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். இதற்கு ஏற்ற அமைப்பைக் குதிரை வண்டிகளுக்காக முதலில் வகுத்தவர் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர். 1818-ஆம் ஆண்டில் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் லண்டனில் வாழ்ந்த ருடால்ஃப் ஆக்கர்மன். உருவாக்கியவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்! இன்றும் அந்த அமைப்பு ஆக்கர்மன் பெயராலேயே வழங்குகிறது. இரு சக்கரங்களின் கைகளையும் பிணைத்து, அவை ஒன்றுக்கொன்று உரிய அளவில் திரும்பும்படி செய்யும் குறுக்குத் தண்டே டை ராடு.

கையிலிருந்து சக்கரம் வரை உள்ள தொடரை வரிசையாகப் பார்ப்போம். ஓட்டுபவன் பிடிக்கும் ஸ்டியரிங் சக்கரம். அதன் தண்டு இறங்கிச் சேரும் ஸ்டியரிங் பெட்டி. பெட்டியிலிருந்து வெளியே தொங்கும் டிராப் ஆர்ம். அதன் அசைவை அச்சுக்குக் கொண்டுசெல்லும் டிராக் லிங்க். இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு. தண்டுகளின் முனைகளில் உள்ள பால் ஜாயிண்டுகள். சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள். நக்கிள் சுழல்வதற்கு ஆதாரமான கிங் பின்களும் பேரிங்குகளும். இத்தனையும் சேர்ந்ததே ஸ்டியரிங் அமைப்பு. டை ராடு இத்தொடரில் ஒரு கண்ணி மாத்திரமே என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். பின்வரும் ஆலோசனைகள் யாவும் இவ்வொரு செய்தியை ஒட்டியே அமைவன.

எல்லா வண்டிகளிலும் இவ்வமைப்பு ஒன்றுபோல் இராது. நம் தங்கவயலிலேயே தொழிற்சாலை கொண்டிருக்கும் பெமல் நிறுவனம், 1964-இல் நிறுவப்பட்டது. அங்கே உருவாகும் புல்டோசருக்கு டை ராடே கிடையாது. இரும்புச் சங்கிலிப் பட்டையின் மேல் ஊரும் அவ்வியந்திரம், ஒரு பக்கத்துப் பட்டைக்குச் செல்லும் விசையைத் துண்டித்துத் தடையிட்டால் அப்பக்கமே திரும்பிவிடும். ஆனால் காற்றடைத்த டயரில் ஓடும் ஜீப்பு அத்தகையதன்று. கல்லின் அடியை வாங்கும் சக்கரங்கள் இரண்டையும் ஒரு தண்டுதான் கட்டிவைக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் பெருந்தொகையில் உருவான வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழிவந்து நம் நாட்டில் மகேந்திரா நிறுவனத்தார் கோத்து விற்ற பழைய ஜீப்புகளிலும் ஒரு தனி முறை இருந்தது. டிராக் லிங்க் அச்சின் நடுவே உள்ள பெல் கிராங்க் என்னும் சிறு நெம்புகோலை அசைக்கும். அதிலிருந்து இரு குட்டைத் தண்டுகள் இரு பக்கத்துச் சக்கரங்களுக்கும் செல்லும். நடுவில் உள்ள ஊசி தேய்ந்துவிட்டால் இரு சக்கரங்களும் ஆடத் தொடங்கும். இத்தொல்லைக்காகப் பலர் பெல் கிராங்கை நீக்கிவிட்டு, ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே நீண்ட தண்டைப் போட்டுக்கொள்வதுண்டு. நல்லதே, ஆயினும் இதில் ஒரு சூட்சுமம் உள்ளது. அதை அறியத் தண்டு வளையும் காரணத்தை அறிதல் வேண்டும்.

தண்டு ஏன் வளைகிறது?

மெல்லிய மூங்கில் குச்சியை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் எளிதில் அறுபடாது. அதே குச்சியை இரு முனையிலிருந்தும் நெருக்கினால் உடனே வில்லாக நெளியும். எஃகுத் தண்டும் அவ்வாறே. இழுவையைத் தாங்கும் தண்டு, நெருக்கத்தில் தோற்கும். நெருக்கப்படும் மெல்லிய பொருள் எந்த அளவில் நெளியும் என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித மேதை ஆய்லர், 1744-இல் வெளியிட்ட நூலிலேயே ஆராய்ந்து வகுத்துள்ளார். அவர் கணக்கின் சாரம் இரண்டு விதிகள்: தண்டின் நீளம் இரட்டித்தால், தாங்கும் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும், தண்டின் விட்டம் இரட்டித்தால், ஆற்றல் பதினாறு மடங்காகப் பெருகும்.

எண்களால் கூறுவோம். 1,100 மில்லிமீட்டர் நீளமும் 25 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள நேரான கெட்டி எஃகுத் தண்டு, முனைகளில் நெருக்கப்படுமாயின், ஏறத்தாழ 3,200 கிலோ எடைக்கு ஒப்பான விசையில் நெளியத் தொடங்கும். விட்டத்தை 30 மில்லிமீட்டராக்கினால் அது ஏறத்தாழ 6,600 கிலோவாக உயரும். விட்டம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு. ஆற்றலோ இரட்டிப்பிற்கும் மேல். இனி, மேலே கூறிய சூட்சுமம் புலப்படும். பெல் கிராங்கின் இரு குட்டைத் தண்டுகளுக்குப் பதிலாக அதே பருமனில் இருமடங்கு நீளமுள்ள ஒரே தண்டைப் போட்டால், நெருக்கத்தைத் தாங்கும் ஆற்றல் கால் பங்காகிவிடும். எனவே நீளத்தைக் கூட்டுபவர் பருமனையும் கூட்டியே தீர வேண்டும்.

இங்கே மற்றோர் உண்மையும் உண்டு. "உயர்ந்த ரக எஃகு; ஆகவே வளையாது" என்று கடைக்காரர் கூறுவதைக் கேட்டிருப்போம். முனையிலிருந்து வரும் நெருக்கத்தைப் பொறுத்தவரை இது முழு உண்மையன்று. சாதாரண எஃகாயினும் உயர்ந்த கலப்பு எஃகாயினும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் மெல்லிய நீண்ட தண்டு நெளியத் தொடங்கும் விசையும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே காப்பது பருமனே.

பக்கவாட்டில் படும் அடியோ வேறு விதமானது. மேற்சொன்ன 25 மில்லிமீட்டர் தண்டின் நடுவில் ஒரு பாறை முட்டுமானால், சாதாரண எஃகு நிரந்தரமாக வளைந்துபோவதற்கு ஏறத்தாழ 150 கிலோ விசையே போதுமானது. முனையில் மூவாயிரம் கிலோவுக்கு அசையாத தண்டு, நடுவில் அதில் ஒரு சிறு பங்கான சுமைக்கே பணிந்துவிடுகிறது! இத்தகைய அடியில் எஃகின் ரகம் மிக முக்கியம். நல்ல கலப்பு எஃகு வில்லைப்போல் வளைந்து, அடி நீங்கியதும் பழைய நிலைக்கு மீளும். தாழ்ந்த எஃகு வளைந்தது வளைந்தபடியே நிற்கும். ஆகவே நெருக்கத்திற்குப் பருமன், பக்கத்து அடிக்குப் பருமனோடு ரகமும் என்று கொள்க.

குழாய் வடிவத் தண்டைக் கண்டு "உள்ளே வெற்றிடம் உள்ளதே" என்று ஐயுறுபவர்கள் உண்டு. ஐயம் வேண்டா. 36 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 24 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட குழாய், 30 மில்லிமீட்டர் கெட்டித் தண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு எஃகு குறைவாகக் கொண்டது. விறைப்பிலோ ஒன்றரை மடங்கிற்கும் மேற்பட்டது. ஆனால் குழாயின் சுவர் தடித்திருக்க வேண்டும். நீர்க்குழாயையும் மேசைக்கால் குழாயையும் வெட்டி டை ராடு செய்வது கொலைக்கு ஒப்பான செயல்.

அடி எங்கே போகும்?

இப்போது கேள்வியின் உள்ளத்திற்கு வருகிறோம். ஒரு பெருங்கல் சக்கரத்தைத் தாக்குகிறது. அந்த அடியை முன்பு மெல்லிய டை ராடு தன்மேல் ஏற்று, வளைந்து, தணித்தது. வளைந்த தண்டு கண்ணுக்குத் தெரிந்தது. ஓட்டுபவன் வண்டியை நிறுத்தினான். இனித் தண்டு வளையாது. அந்த அடி மறைந்துவிடுமா? மறையாது. அது தொடரில் அடுத்த மெலிந்த கண்ணியைத் தேடிச் செல்லும். தேய்ந்த பால் ஜாயிண்டு கழன்று விழலாம். நக்கிளின் கை முறியலாம். ஸ்டியரிங் பெட்டியின் உள் தண்டு முறுகலாம். பெட்டியைத் தாங்கும் சட்டத்தில் கீறல் விழலாம். இவை வளைந்து எச்சரிப்பவை அல்ல. பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி உடைபவை. வளைந்த தண்டோடு மெல்ல வீடு வந்து சேரலாம். முறிந்த நக்கிளோடு வர இயலாது.

சுரங்கத்தில் உழைத்தவர்களின் இல்லங்களில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. கட்டம் கட்டமாக இறங்கும் அந்த வழியில், ஒவ்வொரு கட்டத்திலும் கூண்டும் கயிறும் மனித உயிரைச் சுமந்தன. அங்கே கயிற்றின் பருமனை மாத்திரம் பார்த்து எவரும் அமைதி அடைந்ததில்லை. கயிறு, அதன் முனையில் உள்ள பூட்டு, கூண்டின் கொக்கி, மேலே சுழலும் உருளை, இயந்திரத்தின் பிரேக் ஆகிய அனைத்தையும் தவறாமல் சோதிப்பதே முறை. ஒட்டுப்போட்ட கயிற்றை நம்பி ஆளை இறக்குவது முறையன்று. ஆயிரம் இழைகள் நன்றாயிருந்தும் ஒரு பூட்டுத் தளர்ந்தால் பயன் என்ன? அந்த ஒழுக்கம் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். அதனை ஜீப்பின் அடியிலும் நாம் பயன்படுத்த வேண்டும்.

யாருக்குத் தேவை?

தார்ச்சாலையிலும் நல்ல மண்சாலையிலும், நிறுவனத்தார் தந்த டயரோடும் அளவான சுமையோடும் ஓடும் வண்டிக்குப் பருமனான தண்டு தேவையில்லை. அங்கே வேண்டுவது தேயாத, நேரான, சரியாகப் பூட்டப்பட்ட அசல் தண்டே. அசல் டயரினும் பெரிய டயர் போட்டவர்களும், பாறைகளின்மேல் ஏறி இறங்குபவர்களும், மலைப்பாதையில் நாள்தோறும் சுமையோடு செல்பவர்களுமே இம்மாற்றத்தைப் பற்றிச் சிந்திக்கத்தக்கவர்கள். டயர் பெரிதாக ஆக, கல்லின் அடி நெடிய நெம்புகோல்வழியே தண்டை வந்து தாக்கும். சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் அகன்ற ரிம் போட்டாலும் அதே விளைவுதான். பவர் ஸ்டியரிங் பொருத்திய வண்டியில் மற்றோர் அபாயமும் உண்டு: கல்லிடுக்கில் சிக்கிய சக்கரத்தைக் கைவலியின்றி வலிந்து திருப்பும்போது, இயந்திரத்தின் விசை முழுவதும் தண்டின்மேல் இறங்குகிறது.

நம்மைப்போலவே பிழைப்புக்காக எல்லை கடந்த தமிழர் வாழும் இடுக்கி மாவட்டத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து தமிழகத் தேனி மாவட்டத்தில் உள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறும் பாதை ஜீப்புகளுக்கே உரியது. மலை 7,000 அடிக்கு மேற்பட்ட உயரமுள்ளது. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் மலையேறுவது ஜீப்புகளில்தான். ஒரு வண்டியில் எத்தனை பேர் நெருக்கியடித்து அமர்வர் என்பதைப் பார்த்தவர்கள் அறிவர். அத்தகைய வண்டியின் டை ராடு ஓட்டுபவனின் சொத்து மாத்திரமன்று. உள்ளே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு தாயின் உயிருக்கும் அது பிணை.

வண்டியின் வகையையும் அறிந்துகொள்ளுதல் அவசியம். பழைய ஜீப்புகள், 1985-இல் வந்த மாருதி ஜிப்சி, 2023-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஜிம்னி ஆகியவற்றில் முன்புறம் ஒரே கெட்டி அச்சு உள்ளது. நீண்ட டை ராடு உண்டு. இக்கட்டுரையில் கூறுவன பெரும்பாலும் இவற்றுக்குப் பொருந்தும். 2020-இல் வந்த புதிய தார் வண்டியிலோ முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குபவை. நடுவிலுள்ள ரேக்கிலிருந்து இரு பக்கமும் குட்டைத் தண்டுகள் செல்கின்றன. குட்டைத் தண்டை மேலும் பருமனாக்கினால் அடி நேரே ரேக்கிற்குச் செல்லும். ரேக் தண்டினும் விலை மிக்க பாகம் என்பதை மறத்தலாகாது.

முதலில் செய்யத்தக்க சோதனை

புதுத் தண்டுக்குப் பணம் எண்ணுமுன், உள்ளதைச் சோதித்தறிய வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டுவதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, வீட்டில் ஒருவரை ஸ்டியரிங் சக்கரத்தை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்கச் சொல்லுங்கள். மற்றொருவர் முன்புறம் குனிந்து, தொடரின் ஒவ்வொரு இணைப்பிலும் கைவைத்துப் பாருங்கள். கை அசைந்தும் அடுத்த பாகம் அசையாமல் எங்கே தாமதிக்கிறதோ, அங்கே தேய்வு உள்ளது.

அடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான முட்டுக் கொடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் பேரிங்கோ சக்கர பேரிங்கோ தளர்ந்துள்ளது. பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், உள்ளே மண்ணும் நீரும் புகுந்து அதனைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று கொள்க. ஒவ்வொரு கொத்து நட்டிலும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று பாருங்கள். அது சில ரூபாய்ப் பொருள். அது இல்லாமையால் நட்டுத் தளர்ந்து தண்டு கழலுமாயின், விளைவுக்கு விலை கூற முடியாது.

தண்டு வளைந்துள்ளதா என்பதை நூல் பிடித்தே அறியலாம். வளைந்த தண்டு நீளத்தில் குறையும். அது அச்சுக்குப் பின்னால் உள்ள வண்டியில் சக்கரங்களின் முன்பகுதிகள் ஒன்றையொன்று விலகும். அச்சுக்கு முன்னால் உள்ள வண்டியில் நெருங்கும். இரண்டிலும் டயர் ஓரத்தில் இறகுபோல் சீவித் தேயும். நேர்ப்பாதையில் ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்கும். மாதக்கணக்கில் டயரைத் தின்னும் வளைந்த தண்டு, புதுத் தண்டின் விலையைப் பன்மடங்கு விழுங்கிவிடும்.

தெரிந்தெடுத்தலும் பொருத்துதலும்

சோதனையில் தேய்ந்தவை அனைத்தையும் மாற்றியபின் பருமனான தண்டைத் தேடலாம். தண்டோடு அதன் முனைகளும் தரமானவையாய் இருத்தல் வேண்டும். அடித்து உருவாக்கிய எஃகு முனைகளையே கொள்க. பால் ஜாயிண்டின் கூம்பு வடிவ ஊசி, நக்கிளின் துளையில் முழுமையாகப் பொருந்த வேண்டும். கூம்பு வேறுபட்டால், நட்டை எவ்வளவு முறுக்கினும் உள்ளே ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம் ஊசியை ஒடிக்கும். முனையின் மரை, தண்டின் உள்ளே குறைந்தது தன் விட்டத்தளவேனும் ஏறியிருக்க வேண்டும். அதற்குமேல் ஏறினால் இன்னும் நன்று.

தண்டின் ஒரு முனையில் வலமரையும் மறுமுனையில் இடமரையும் இருக்கும். ஆகவே தண்டைச் சுழற்றினாலே நீளம் கூடும் அல்லது குறையும். முன்சக்கரங்களின் முன் இடைவெளிக்கும் பின் இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு, நிறுவனத்தார் கையேட்டில் கூறிய அளவில் அமைய வேண்டும். கெட்டி அச்சு வண்டிகளில் இது வழக்கமாகச் சில மில்லிமீட்டரே. அளவு சரிபார்த்தபின், இரு பால் ஜாயிண்டுகளும் ஒரே தளத்தில் நிற்கும்படி வைத்துப் பூட்டு நட்டை இறுக்குக. ஒன்று மேலும் ஒன்று கீழும் சாய்ந்திருந்தால், சக்கரம் முழுவதும் திரும்பும்போது ஊசி முட்டி முறியும். கொத்து நட்டின் பள்ளம் துளைக்கு நேர்படாவிட்டால் சிறிது மேலும் முறுக்க வேண்டுமேயன்றி, ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தலாகாது.

பருமனான தண்டு அதிக இடத்தைப் பிடிக்கும். வண்டியைத் தெருவில் இறக்குமுன் சக்கரங்களை இடக் கோடிக்கும் வலக் கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கியும், ஸ்பிரிங் முழுவதும் அமுங்கியும் உள்ள நிலைகளில், தண்டு பட்டை ஸ்பிரிங்கிலோ டிப்ரன்ஷியல் உறையிலோ பிரேக் குழாயிலோ உரசுகிறதா என்று கவனியுங்கள். பெரிய டயர் போட்ட பழைய ஜீப்புகளில், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய சட்டத்தைத் துடைத்துக் கீறல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். தண்டைப் பலப்படுத்துபவர் இவ்விடத்தைப் பலப்படுத்தாமல் விட்டால், பலவீனத்தை இடம் மாற்றியவரே ஆவார். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சோதித்தல் நன்று.

செய்யத் தகாதவை

வளைந்த தண்டை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தி மீண்டும் பூட்டுவதும், ஒடிந்த முனையை வெல்டிங் வைத்து ஒட்டுவதும், நக்கிளின் கையைக் காய்ச்சி வளைப்பதும் சிக்கனம் அல்ல. பக்குவப்படுத்திய எஃகு சூட்டினால் தன் பக்குவத்தை இழக்கும். வெல்டிங்கின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் பிறக்கும். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த தண்டு நேராகத் தோன்றினும், அடுத்த அடியில் அங்கேயே எளிதில் வளையும்.

கெட்டி அச்சு வண்டிகள் சில வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் முன் சக்கரங்கள் வெறிகொண்டதுபோல் இடமும் வலமும் உதறும். இதற்கு மருந்தாக ஸ்டியரிங் டாம்பர் ஒன்றைப் போட்டு அமைதி அடைவோர் உளர். டாம்பர் நல்ல துணைக்கருவியே. ஆயினும் அது நோயை நீக்குவதில்லை, மறைக்கிறது. தேய்ந்த முனைகள், தளர்ந்த கிங் பின், சமநிலை தவறிய டயர் ஆகியவற்றில் காரணத்தைத் தேடித் தீர்த்தபின்னரே டாம்பரை நாடுக.

நடுக்காட்டில் தண்டு வளைந்துவிட்டால் என்ன செய்வது? பயணிகளை இறக்கி, தண்டைக் கழற்றி, நெருப்பின்றி இரு கற்களுக்கிடையே மெல்ல இயன்றவரை நிமிர்த்துக. கடப்பாரையையோ உறுதியான மரத்தையோ அதனோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி, நடக்கும் வேகத்தில் அருகிலுள்ள பட்டறைக்குச் செல்க. அது வீடு சேர்வதற்கான உபாயமேயன்றிப் பழுதுபார்த்தல் ஆகாது. அடிக்கடி கரடுமுரடான பாதைக்குச் செல்பவர்கள், மாற்றி எடுத்த நல்ல பழைய தண்டைத் தூக்கியெறியாமல் வண்டியில் உடன் வைத்திருத்தல் அறிவுடைமை.

சட்டத்தையும் அறிக

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனத்தார் குறித்த அமைப்பினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, தகாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆகவே டயரின் அளவையும் வண்டியின் உயரத்தையும் மனம்போல் மாற்றிவிட்டு, அதைத் தாங்குவதற்குத் தண்டைப் பெருக்குவது இருவகையிலும் நட்டமாகும். எந்த மாற்றத்திற்கும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டறிந்து செயற்படுவதே குடும்பஸ்தர்க்கு அழகு.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

வலிமையை விரும்புவது இளமையின் இயல்பு. பருமனான தண்டு பளபளவென்று முன்னே தெரிவதும், நண்பர்கள் அதனைப் பாராட்டுவதும் மகிழ்ச்சி தருவனவே. அதனைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆனால் பாராட்டுக்குரிய தண்டைப் போடுமுன், எவர் கண்ணுக்கும் தெரியாத ஸ்பிளிட் பின்னையும் ரப்பர் உறையையும் பேரிங்கையும் பார்த்தவனே நல்ல ஓட்டுநன். பணம் குறைவாயிருந்தால், பருமனான தண்டைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். தேய்ந்த பால் ஜாயிண்டை இன்றே மாற்றுக. நம் பட்டறைக்காரர்களும், வாடிக்கையாளர் தண்டை மாத்திரம் கேட்டு வந்தாலும், தொடர் முழுவதையும் ஒருமுறை அசைத்துக் காட்டியபின்னரே வேலையைத் தொடங்குவார்களாயின், அது அவர்கள் தொழிலுக்குப் பெருமையும் நம் சமூகத்திற்குப் பெரும் உதவியும் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் ஒதுக்கி, தந்தை ஸ்டியரிங்கை அசைக்க, மகன் வண்டிக்கு முன் குனிந்து பார்க்கட்டும். மகள் பார்த்தாலும் மிக நன்று. இயந்திர அறிவு ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. அவ்வாறு பார்த்துப் பழகிய இல்லத்தின் வண்டி, எந்தக் கரடுமுரடான பாதையிலும் நம் சுற்றத்தாரைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும்.